மூன்றாவது சரணம்

எவனும் இசைத்தட்டை இப்படி வாங்கமாட்டான்.

வாங்குகிறவன் முதலில் உறையிலிருந்து உருவுவான். வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பான். முகர்ந்து பார்க்கிற பைத்தியங்கள்கூட உண்டு. அப்புறம் "அட்டை ஓரம் நைஞ்சிருக்கே" என்று பேரம் ஆரம்பிப்பான். அந்த வெள்ளிக்கிழமை காலை என் கடைக்கு வந்த ஆள் இதில் எதையுமே செய்யவில்லை. கழிவறைக் கதவோரம் கிடக்கும் ஆப்பிள் பெட்டியின் முன் நேராகப் போய் மண்டியிட்டான். மடமடவென்று தள்ளினான். ஒரே தட்டின் பிரதிகளை மட்டும் பொறுக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான்.

'ஸ்லிப்வேஸ் சூப்பர் ஹிட்ஸ்.'

"எல்லாமே ஒரே தட்டுங்க," என்றேன்.

"தெரியும்."

"கீறல் இருக்கலாம்."

"பரவாயில்லை."

"ஸ்லிப்வேஸ்னா அவ்வளவு உயிரா?"

"சின்ன வயசுலேர்ந்து."

"அவங்க ரெண்டாவது ஆல்பம் அதோ சுவர்ல மாட்டியிருக்கு. முதல் பதிப்பு. இறக்கட்டுமா?"

அவன் கண் சுவர்ப் பக்கம் போகவே இல்லை. "வேணாம். இந்தத் தட்டு இந்த ஊர்ல வேற யார்கிட்டயாவது இருக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. உயிரை விடுகிற ரசிகன் முதல் பதிப்பைத் திரும்பிப் பார்க்கமாட்டானா? இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. வாசலில் சிட்னி வாடகைக் கார். பின் சீட்டில் ஒரு போர்வை. போர்வைக்கு அடியில் சதுரமாக ஏதோ அடுக்கு.

காசைக் கொடுத்தான். மீதியைக்கூட வாங்காமல் போய்விட்டான்.

நான் மர்ரே. நியூகாசிலில் போமான்ட் தெருவில் 'இரண்டாம் பக்கம்' என்ற இசைத்தட்டுக் கடை என்னுடையதும் லோர்னா பிக்கெட்டுடையதும். தொண்ணூற்று நான்கில் எல்லோரும் சி.டி.க்கு ஓடிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் ஓடவில்லை. எங்கள் கடையில் முழு ஆல்பங்களுக்குத்தான் அலமாரி. ஹிட்ஸ் தொகுப்புகளுக்கு அந்த ஆப்பிள் பெட்டி. அதன்மேல் நான் ஒட்டிய சீட்டு: 'ஒரு டாலர். யாரிடமும் சொல்லமாட்டோம்.'

லோர்னா பேக்கரியிலிருந்து சூடான இறைச்சி ரொட்டிப் பொட்டலத்துடன் உள்ளே வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"தொகுப்பையா? அத்தனையுமா?" என்று சிரித்தாள். "பன்னி ரோஸ்ட்ல மொறுமொறுத் தோலை மட்டும் உரிச்சுத் தின்னுட்டு, விருந்து சாப்பிட்டேன்னு ஏப்பம் விடுற கூட்டம். அவனுக்கு வயிறு வலிக்கும் பாரு."

"எந்தக் குழுன்னு கேக்கலையே?"

"எந்தக் குழு?"

"ஸ்லிப்வேஸ்."

சிரிப்பு நின்றது. கையிலிருந்த பொட்டலத்தைக் கவுண்டரில் வைத்தாள்.

காரணம் இருந்தது. லோர்னா இளம்வயதில் ஸ்லிப்வேஸில் பின்பாட்டுப் பாடியவள். அந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தில் கடைசிப் பாட்டு 'உப்புக் காற்று'. வந்த காலத்தில் அதை நாய்கூடச் சீந்தவில்லை. போன வருஷம் ஒரு பீர் விளம்பரத்தில் அதைப் போட்டார்கள். அவ்வளவுதான், நாடே முணுமுணுத்தது. பாடகர் ரெக்ஸ் டாலிமோர் டி.வி.யில் வந்து, பாறைமேல் தனியே உட்கார்ந்து, ஒரே இரவில் எழுதினேன் என்று கண்கலங்கினார்.

"அது என் பாட்டு," என்றாள் லோர்னா, அன்றைக்கே.

இலவச சட்ட உதவி வக்கீலிடம் போனாள். ஆதாரம் கேட்டார். இல்லை. அந்த ஆல்பம் இப்போது சி.டி.யாக மறுபடி வரப்போகிறது. அட்டையில் 'இயற்றியவர்: ரெக்ஸ் டாலிமோர்' என்று அச்சாகிவிட்டால் அப்புறம் ஆண்டவனாலும் அழிக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் நம்பினேனா? பாதி. நியூகாசிலில் அந்தப் பாட்டை எழுதியதாகச் சொல்கிறவர்களை வரிசையில் நிறுத்தினால் கலங்கரை விளக்கம் வரை போகும்.

"நீ அந்தத் தொகுப்பைக் கேட்டிருக்கியா?" என்றேன்.

"இல்லை."

பதில் ரொம்ப வேகமாக வந்தது. நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"என்னய்யா, போலீஸ்காரன் மாதிரி முறைக்கிறே? அது வந்தப்ப நான் டார்வின்ல இறால் படகுல சமைச்சுக்கிட்டிருந்தேன். திரும்பி வந்து அதை வேற காசு கொடுத்து வாங்குவேனா? நீ கேட்டிருக்கியா?"

"நானா? தொகுப்பையா?"

அத்தனை நாள் எங்கள் கடையிலேயே கிடந்த தட்டு. இரண்டு பேருமே ஒரு தடவைகூட முள்ளை வைத்ததில்லை.

கோஸ்ஃபோர்டில் பழைய தட்டு விற்கும் நண்பனுக்கு போன் போட்டேன். "சிட்னி கார்தானே?" என்றான் அவன், நான் வாயைத் திறக்குமுன். "நேத்து வந்தான். அள்ளிக்கிட்டுப் போயிட்டான். மெய்ட்லண்ட்லயும் அப்படித்தானாம். தர்மத்துக்குப் பழைய சாமான் விக்கிற கடைகளைக்கூட விடலையாம்."

போனை வைத்தேன். யாரோ ஒரு தட்டை இந்த வட்டாரத்திலிருந்தே துடைத்தெடுக்கிறார்கள். ஒரு டாலர் குப்பையை எதற்குத் துடைக்கவேண்டும்?

"அதுல என்னென்ன பாட்டு?" என்றாள் லோர்னா.

பின்னட்டையை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். விலை ஒட்டும்போது கண்ணில் பட்டதுதான். "முதல்ல அந்த மூணு ஹிட்டு. அப்புறம் ஏதேதோ. கடைசியா..." நிறுத்தினேன். "கடைசியா உப்புக் காற்று."

"அது எப்படி? அப்ப அது ஹிட்டே இல்லையே!"

"மூணு ஹிட்டை வெச்சுக்கிட்டு ரெண்டு பக்கம் ரொப்பணும்னா? கையில கிடைச்சதைத் திணிச்சிருப்பாங்க. அவசரத் தொகுப்பு. வந்த வேகத்துலயே கடைகள்லேர்ந்து திருப்பி வாங்கிட்டாங்க. மட்டமா இருந்ததுன்னு நினைச்சேன்."

லோர்னா ஸ்டூலில் உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "மர்ரே, ஸ்டூடியோவுல ஒரு வழக்கம். பாட்டு எழுதினவங்க முதல்ல ஒரு ஓட்டம் பாடுவாங்க. வழிகாட்டிக் குரல். அதைக் காதுல கேட்டுக்கிட்டே மத்தவங்க வாசிப்பாங்க. அப்புறம் அதே நாடா மேல பெரிய பாடகர் பாடுவார். முதல் குரல் அழிஞ்சிடும். உப்புக் காற்றுக்கு நான்தான் வழிகாட்டி. அழிஞ்சு போச்சு. அதனாலதான் வக்கீல்கிட்ட ஆதாரம் இல்லேன்னேன்."

"அழிக்கறதுக்கு முன்னால நகல் எடுப்பாங்களா?"

"ரெக்ஸ் வீட்ல கேட்டு மனப்பாடம் பண்ண ஒண்ணு எடுத்தாங்க..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரே பாட்டின் பேர் எழுதிய இரண்டு நாடாப் பெட்டிகள். தொகுப்புக்காரன் அவசரத்தில் கை நீட்டுகிறான். எந்தப் பெட்டி வருகிறதோ அது.

ஆல்பம் வைத்திருக்கிறவன் தொகுப்பைத் தொடமாட்டான். தொகுப்பு வைத்திருக்கிறவன் ஆல்பத்தைக் கேட்டிருக்கமாட்டான். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மனிதனும் இல்லை. இதைவிடப் பத்திரமான ஒளிவிடம் உண்டா?

"ஒண்ணே ஒண்ணு கிடைக்கணும்," என்றாள் லோர்னா. அவள் குரல் நடுங்கியது. நடிப்பா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்ததை அவள் கண்டுகொண்டாள்.

"நீயும் நம்பலை இல்ல?"

கார் சாவியை எடுத்தேன்.

பாட்டைப் பற்றி யோசிக்கவே யோசிக்காத ஆட்களிடம்தான் அந்தத் தட்டு இருக்கும். அப்படி ஓர் இடம் எனக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு மச்சான் இழுத்துக்கொண்டு போன இடம்: ஸ்டாக்டன் பௌல்ஸ் கிளப், புல்தரையில் பந்து உருட்டி ஆடுகிறவர்களின் கிளப். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே கறித்தட்டுக் குலுக்கல். சீட்டு விழுந்தால் ஒரு தட்டு நிறைய ஆட்டுக்கறி வீட்டுக்குப் போகும். அன்றைக்கு நாங்கள் நுழையும்போது ஒரு பழைய இசைத்தட்டில் உப்புக் காற்று மெட்டு ஓட, பாடுகிற குரலே அமுங்கும்படி கூட்டம் 'லா லா' என்று கத்தியது. பீர் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டு நான் வெளியே போய் நின்றேன்.

படகுத்துறையைத் தாண்டிக் கிளப் வாசலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

சிட்னி வாடகைக் கார் எங்களுக்கு முன்பே நின்றது.

உள்ளே, பாரின் ஓரத்தில் அவன். எதிரே பெவ். குலுக்கலை நடத்துகிறவள், கழுத்தில் விசில், கையில் சீட்டு வாளி, பக்கத்தில் தட்டு சுழற்றும் பெட்டி.

"நூறு டாலர் தர்றேன்மா. ஒரு பழைய தட்டுக்கு," என்றான் அவன்.

"தம்பி, கவர்னர் ஜெனரலே வந்து கேட்டாலும் கிடையாது. இந்தப் பாட்டு இல்லாம குலுக்கினா சண்டை வரும்."

"இருநூறு."

"மொதல்ல குலுக்கல் சீட்டு வாங்கு. சீட்டு இல்லாதவன் என் பக்கத்துல நிக்கக்கூடாது." ஒரு சீட்டைக் கிழித்து அவன் கையில் திணித்தாள். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டாள். "அட, ஆல்பம் ஐயா! நம்ம ஏழை வீட்டுப் பக்கம்? வழி தவறிட்டீங்களா?"

"பெவ், அந்தத் தட்டை ஒரு தடவை..."

"உங்க கடையில 'யாரிடமும் சொல்லமாட்டோம்'னு சீட்டு ஒட்டியிருக்கீங்களாமே? எனக்கு என்ன வெட்கம்? பிடிச்ச பாட்டு பத்து, நடுவுல தூக்கம் வர்ற பாட்டு கிடையாது. முழு ஆல்பம்னா என்ன? நல்ல பாட்டுக்கு நாலு பேரைக் காவல் போட்டு வைக்கிறது."

"அந்தக் காவல்காரப் பாட்டுல ஒண்ணுதான் இன்னிக்கு பீர் விளம்பரத்துல ஓடுது," என்றேன்.

"விளம்பரத்துல வர்றது நகல்! இதுதான் அசல்னு நான் தொண்டை கிழியச் சொல்றேன், யார் கேக்கறா?"

சிட்னிக்காரன் எங்களைப் பார்த்தான். முதலில் என்னை. பிறகு லோர்னாவை. அவன் முகம் வெளுத்தது. அவளை அவன் புகைப்படத்தில் பார்த்திருக்கவேண்டும். சட்டென்று கையை நீட்டி, சுழலும் பெட்டியின் பக்கம் சாய்ந்தான்.

பெவ் விசிலை ஊதினாள். "கை!"

அறுபது பேர் திரும்பினார்கள். அவன் கை அந்தரத்தில் நின்றது. பெவ் நிதானமாக முள்ளை வைத்தாள்.

கரகரப்பு. ஒரு கிதார். பிறகு ஒரு பெண் குரல்.

இளமையான குரல். கொஞ்சம் மூக்கடைப்பு. விளம்பரத்தில் வரும் அதே மெட்டு, ஆனால் ரெக்ஸின் நெளிவு சுளிவு எதுவும் இல்லை. லோர்னாவைப் பார்த்தேன். மரத்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் சரணம். இரண்டாவது சரணம். மூன்றாவது வந்தபோது தட்டிலிருந்த பெண் வரிகளை விட்டுவிட்டு 'லா லா லா' என்று மெட்டை மட்டும் இழுத்தாள். கிளப் முழுக்கக் கோப்பைகளைத் தூக்கி 'லா லா லா' என்று சேர்ந்துகொண்டது. பாட்டே அப்படித்தான் என்று அவர்களுக்கு நினைப்பு.

ஒரே ஒருத்தி மட்டும் சொற்களைப் பாடினாள். லோர்னா. மெல்லிய குரலில், ஆல்பத்தில் இருக்கும் அந்த மூன்றாவது சரணத்தை, ஒரு வரி விடாமல்.

பெவ் தலையைத் திருப்பினாள். "யாரது புதுசா?"

பாட்டு முடிந்தது. முள் எழவில்லை. தட்டில் ஒரு மூச்சு. பெவ் ஒரு கையை உயர்த்தினாள். அறுபது பேரும் வாயைத் திறந்தார்கள். தட்டிலிருந்த பெண்ணோடு சேர்ந்து, ஒரே குரலில், கூரை அதிரக் கத்தினார்கள்:

"மூணாவது சரணம் நாளைக்கு எழுதித் தர்றேன் ரெக்ஸ், இப்ப பசிக்குது!"

பெவ் வாளிக்குள் கையை விட்டாள். வெள்ளிதோறும் இந்த வரி வந்ததும்தான் சீட்டு எடுப்பதாம். 'பசிக்குது' என்றால் கறி. எவளோ எவனிடமோ சொன்ன பேச்சு என்று யாரும் யோசித்ததில்லை.

நான் சிட்னிக்காரனிடம் போனேன். "எத்தனை தட்டு வாங்கினீங்க? போர்வைக்கு அடியில இன்னும் இடம் இருக்கா? இவங்க அறுபது பேரையும் ஏத்திக்கங்க."

அவன் உதட்டை நக்கிக்கொண்டான். "என்னை வாங்கச் சொன்னாங்க, வாங்கினேன். நான் ரெக்ஸோட வக்கீல் ஆபீஸ் ஆள். ஏன்னு சொல்லலை." அப்புறம் லோர்னாவிடம் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க, பேசலாம்."

"என் பேரு. அட்டையில."

"அதைத் தவிர?"

"அதைத் தவிர எதுவும் கேக்கலையே."

பெவ் இதற்குள் விஷயத்தைப் பிடித்துவிட்டாள். லோர்னாவின் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "இன்னொரு தடவை சொல்லு."

"எதை?"

"பசிக்குதுன்னு சொல்லு."

"பசிக்குது," என்றாள் லோர்னா. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"அவளேதான்டா!" என்று பெவ் கத்தினாள். கிளப் எழுந்து நின்றது. அப்போதுதான் என் சந்தேகம் முழுசாகச் செத்தது. அதுவரை ஒரு நூல் பாக்கி இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

தட்டை வெளியே எடுத்துப்போக பெவ் விடவில்லை. வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை வரட்டும் என்றுவிட்டாள். அடுத்த வெள்ளி லோர்னாவின் வக்கீலும் ரெக்ஸின் வக்கீலும் ஸ்டாக்டன் பௌல்ஸ் கிளப்பில் ஆளுக்கொரு குலுக்கல் சீட்டோடு உட்கார்ந்து கேட்டார்கள். மூன்றாவது சரணத்துக்கு அப்புறம் ரெக்ஸின் வக்கீல் பேனாவை மூடிவிட்டு ஒரு பீர் வாங்கிக்கொண்டார். சி.டி. தாமதமாகத்தான் வந்தது. அட்டையில் 'இயற்றியவர்: லோர்னா பிக்கெட்'. கிளப்புக்கு ஒரு பிரதி அனுப்பினோம். "மூணாவது சரணத்துல வார்த்தை இருக்கு, எங்களுக்கு ஆகாது," என்று பெவ் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அந்த முதல் வெள்ளிக்கு வருகிறேன். கூச்சல் அடங்கிய பிறகு பெவ் வாளியிலிருந்து எடுத்த சீட்டை விரித்து எண்ணைப் படித்தாள். யாரும் கை தூக்கவில்லை. மறுபடி படித்தாள். நழுவிக்கொண்டிருந்த சிட்னிக்காரன் வாசலில் நின்று, தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான்.

"எங்கே ஓடறே தம்பி?" என்றாள் பெவ். "கறியை எடுத்துக்கிட்டுப் போ. போர்வைக்கு அடியில வெக்காதே, நாறிடும்."