பத்ரி வீட்டுக் கொலுவில் ஜப்பான் பொம்மைகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை டோக்கியோவில் நடப்பதாகத்தான் இருந்தது. நான் டோக்கியோவுக்குப் போனதில்லை. மொழிபெயர்ப்பு நாவல்களில் படித்தது போதும் என்று நினைத்தேன். முதல் வரி இப்படிப் போனது: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், நாற்பது வயது கென்ஜி தன் பொம்மைகளை அட்டைப்பெட்டியில்...'

கென்ஜி பெட்டியை மூடுவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. என் டோக்கியோவில் ஓயாமல் மழை. யாரும் வயிறாரச் சாப்பிடுவதுகூட இல்லை. கதையைத் தூக்கிக்கொண்டு டெக்சஸில் ரவுண்ட் ராக்குக்கு வந்துவிட்டேன். இங்கே வெயில். சுண்டலும் உண்டு.

2

கென்ஜி இருந்த இடத்தில் இப்போது பத்ரி. முப்பத்தாறு வயது, கம்ப்யூட்டர் வேலை, கல்யாணம் ஆகவில்லை. அலமாரிக்குள், அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன்களில் வருகிற நாற்பத்திரண்டு பொம்மைகள் வைத்திருந்தான். வாளேந்திய பெண்கள், நீல முடிக்காரர்கள், இறக்கை முளைத்த பள்ளி மாணவிகள். தப்பான நாட்டில் பிறந்துவிட்டோம், ஜப்பானாக இருந்தால் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள் என்பது அவன் நம்பிக்கை.

அதை உடைத்தவர் கூட வேலை பார்த்த மோரிதா. கியோட்டோக்காரர், நாற்பத்தைந்து வயது.

"அங்கே எல்லாரும் அனிமே பார்ப்பார்கள், பத்ரி-சான். குழந்தையோடு பார்த்தால் நல்ல அப்பா. தனியாகப் பார்த்தால்..." மேலே சொல்லாமல் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். "இப்போது சின்ன வயதுக்காரர்கள் வெளியே சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன்."

சனிக்கிழமைதோறும் மனைவியிடம் ஜிம் என்று சொல்லிவிட்டு, ஃப்ரீவே ஓரத்தில் சாமான் போட்டுவைக்க வாடகைக்கு எடுத்த ஸ்டோரேஜ் அறையில் தன் பொம்மைகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாராம். பத்ரியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னார்.*

* இப்படிப்பட்டவர்களுக்கு அங்கே 'ஒட்டாகு' என்று பெயர். பாராட்டா வசவா என்பது சொல்பவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். உலகத்துக்கே அனிமேவை அனுப்பும் நாடு இப்படியா என்று வியக்க வேண்டாம். விடிய விடியச் சினிமா பார்த்துவிட்டு, சினிமாக்காரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறவர்கள் நாம்.

3

நவராத்திரிக்குச் சென்னையிலிருந்து பத்ரியின் அம்மா ஷ்யாமளா மாமி வந்தாள். கொலு பொம்மைப் பெட்டி விமானத்தில் தொலைந்துவிட்டது. படி கட்டத் துணி தேடியபோது அலமாரி திறந்தது.

"ஏன்டா, இந்த வயசுல பொம்மை வெச்சுண்டு வெளையாடறயா?"

"வெளையாடலம்மா. கலெக்ட் பண்றேன்."

"கேக்கவே நன்னாயிருக்கு! சனிக்கிழமை உனக்குப் பாத்திருக்கற பொண்ணு அதிதியாத்துலேர்ந்து எல்லாரும் வரா. இதைப் பாத்தா பொண்ணு குடுப்பாளா?"

"நீயும்தானே அறுபத்திநாலு வயசுல பொம்மை அடுக்கற?"

"அது பக்தி."

[இந்த இடத்தில் மாமியின் மனவோட்டம் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். மாமி எதையும் மனதில் வைத்துக்கொள்பவள் இல்லை.]

ஆனால் காலிப் படிகளை மாமியால் சகிக்க முடியவில்லை. மறுநாள் பத்ரி ஆபீஸிலிருந்து திரும்பியபோது நாற்பத்திரண்டு பேரும் ஏழு படிகளில் நின்றார்கள். குட்டைப் பாவாடைக்காரிகளுக்குக் கணுக்கால் வரை பட்டுத்துணி. எல்லார் நெற்றியிலும் குங்குமம்.

"அம்மா! அது லிமிடெட் எடிஷன்மா!"

"இருக்கட்டும். இப்பதான் லட்சணமா இருக்கா."

4

அதிதிக்குச் சான் ஹோசேயில் வேலை. பெற்றோர் இதே டெக்சஸில், சுகர் லேண்டில். நான்கு மாதமாக அவளும் பத்ரியும் போனில் எல்லாவற்றையும் பேசிவிட்டார்கள், பொம்மைகளைத் தவிர. அவளை இழக்க அவன் தயாராக இல்லை. சனிக்கிழமை தைரியத்துக்கு மோரிதாவையும் கூப்பிட்டிருந்தான்.

அதிதி மூன்றாம் படியிலிருந்து வாள்காரியை எடுத்தாள். "வாவ், ஸோ டீடெய்ல்ட்! யாரோடது இதெல்லாம்?"

மாமி முந்திக்கொண்டாள். "ஆபீஸ்ல இந்த ஜப்பான்காரர் இருக்காரோன்னோ, அவரோடதும்மா. இவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்!"

எல்லாரும் சுண்டல் கிண்ணத்தோடு நின்ற மோரிதாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவ்ளோ பெரிய மனுஷன்," என்றார் அதிதியின் அப்பா தமிழில், தாராளமான குரலில். "பாவம், ஆத்துல ஏதாவது ப்ராப்ளமோ என்னமோ."

இதெல்லாம் உங்களுடையதா என்று அதிதி ஆங்கிலத்தில் மோரிதாவிடமே கேட்டாள். மோரிதா ஒரு கணம் பத்ரியைப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ஆமாம். என்னுடையவை."

பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத வாக்கியம். தன் பொம்மைகளுக்காகச் சொல்ல வராதது, அடுத்தவன் பொம்மைகளுக்காக வந்துவிட்டது. காது இரண்டும் சிவக்க, நிமிர்ந்து நின்றார்.

"ஓ," என்றாள் அதிதி. (இந்த 'ஓ'வை ஆறு முறை மாற்றி எழுதினேன். கிண்டலா மரியாதையா என்று அவள் எனக்குச் சொல்லவில்லை.) பிறகு பத்ரியிடம் திரும்பினாள். "நீயும் இதெல்லாம் பாப்பியா, பத்ரி?"

5

முடிவு ஒன்று: "சேச்சே, நானா?" என்கிறான். முகூர்த்தம் குறிக்கிறார்கள். தேனிலவுக்கு ஜப்பான்.

முடிவு இரண்டு: "எல்லாம் என்னோடதுதான்," என்கிறான். அதிதியின் அப்பா கார் சாவியைத் தேடுகிறார். அதிதி...

இரண்டையும் அடித்துவிட்டேன். முதல் முடிவில் மோரிதாவின் முகத்தை எழுத என்னால் முடியவில்லை. இரண்டாவதில் மாமியின் முகத்தை.

பத்ரி வாயைத் திறந்துவிட்டான், சொல் இன்னும் வரவில்லை. அதை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அந்த மனிதர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.