கூப்பிடு தூரம்

எங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் எழுந்திருக்காமல் வியாபாரம் முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் என் அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்த காலத்திலிருந்து நான் பார்த்துவரும் நடைமுறை இது. விலை ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பேரில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டு, "சரி, போயிட்டு வாரேன்" என்று எழுந்திருப்பார். வாசலில் அவர் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் ஒரு கல்யாணப் பந்தி முடிந்துவிடும். அதற்குள் உட்கார்ந்திருப்பவர், "என்ன அண்ணாச்சி கோவம், வந்து உக்காருங்க" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், திரும்பி வந்தவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், காபி வரும்.

எழுந்து போனவர் தானாகத் திரும்பக்கூடாது. தரகன் கூப்பிடவே கூடாது. தரகன் வாயைத் திறந்தால் எந்தப் பக்கம் தவிக்கிறது என்பது மறுபக்கத்துக்குத் தெரிந்துபோகும். அப்புறம் அவனை ஒருவரும் படியேற்ற மாட்டார்கள்.

நான் தரகன். இரண்டு பக்கத்துப் பொய்யையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பதுதான் தொழில். இருபது வருஷத்துக்கு மேல் கேட்டாயிற்று. முகம்தான் தேய்ந்துவிட்டது.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் ராஜபாளையத்தில் என் தங்கை புருஷன் சுயம்புலிங்கத்தின் தறிக்கூடத்துக்கு ஒரு ஜெர்மன்காரரைக் கூட்டிப் போனேன். மாப்பிள்ளை பேண்டேஜ் துணி நெய்கிறவர். அப்போது நெய்துகொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது. வழக்கமாக வாங்கிய பம்பாய்க்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டதில் தறிகள் நின்று மாதக்கணக்காகியிருந்தது. தறிக்காரர்களில் பாதிப்பேர் தளவாய்புரத்துக்கு நைட்டி தைக்கப் போய்விட்டார்கள். இந்த ஆர்டரும் கைவிட்டால் தறிகளை எடைக்குப் போடுவதாக முடிவாகியிருந்தது. பழைய இரும்புக்காரர் முந்தின வாரமே வந்து, சந்தையில் மாட்டின் முதுகைத் தட்டுவது போல ஒவ்வொரு தறியையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு என் தங்கை ஆவுடையம்மாள் சாப்பிடவில்லை. எனக்கு ஆளனுப்பினாள்.

ஜெர்மன்காரர் பெயர் லிண்டமான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் வெயிலில் முகம் தக்காளியாகியிருந்தது. அவர் ஊர் ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வாங்கிக் கொடுப்பவர். மாப்பிள்ளையின் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார், தண்ணீரில் போட்டுப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "மிக நல்ல துணி" என்றார். எடுத்த எடுப்பில் சரக்கைப் புகழ்கிற ஆளைக் கண்டதும் எனக்குக் கவலை வந்துவிட்டது. இவருக்கு வியாபாரம் தெரியுமா?

விலை பேசினார்கள். நான் இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் நடுவில் ஓடினேன். கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, பிறகு நின்றது. இரண்டு விலைக்கும் நடுவில் ஒரு கைக்குழந்தை தாண்டிவிடலாம். தாண்டத்தான் ஆளில்லை.

மாப்பிள்ளை துண்டை உதறினார். "சரி மச்சான், அவருக்குக் கட்டாதுன்னா நமக்கு என்ன. போயிட்டு வாரேன்."

தன் தறிக்கூடத்திலிருந்து தானே போயிட்டு வருகிறார். அது முறைதான், குறை சொல்ல முடியாது. செருப்பை ஒவ்வொரு விரலாக மாட்டினார். லிண்டமான் அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். மாப்பிள்ளை படியில் நின்றார், வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்து மறுபடி கட்டினார். கடைசியில் வேறு வழியில்லாமல் தெருவைத் தாண்டி எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையில் போய் நின்றார்.

"அவருக்கு அவசர வேலையா?" என்று லிண்டமான் கேட்டார்.

"கொஞ்சம்" என்றேன்.

"பரவாயில்லை. காத்திருக்கலாம்." நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஜன்னலில் மேற்கு மலை முழுசாகத் தெரிந்தது, இடுப்பில் மேகத்தோடு. "உங்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. எனக்கும் ஒரு மலை உண்டு. ஹார்ட்ஸ் என்று பெயர்."

அப்படித்தான் ஆரம்பித்தார். மனுஷன் அதுவரை பேசியதெல்லாம் சேர்த்து ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். மலை என்றதும் மடை திறந்துவிட்டது.

ஊசியிலை மரங்கள் அடர்ந்த கறுப்பு மலையாம். நடுப்பகலிலும் அடிமரத்தில் வெயில் படாதாம். ஆயிரம் வருஷம் அதைக் குடைந்து வெள்ளி எடுத்தார்களாம். ராஜாக்கள் அந்த வெள்ளிக்காகவே அடிவாரத்தில் அரண்மனை கட்டிக்கொண்டார்களாம். இவருடைய தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கியவர். மேலே வந்து வாழ்ந்ததைவிடக் கீழே வாழ்ந்தது அதிகம் என்றார். நான் தலையாட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக டீக்கடையைப் பார்த்தேன். மாப்பிள்ளை முதல் டீயை முடித்துவிட்டு எங்களுக்குப் பக்கவாட்டில் நின்றார். கூப்பிட்டால் உடனே திரும்பத் தோதான நிலை அது.

ஆவுடையம்மாள் முறுக்குத் தட்டோடு வந்தாள். "ஏண்ணே, அவிய எதுக்கு டீக்கடையில நிக்காவ?"

"எந்திரிச்சுட்டாரு."

"இவரு கூப்பிடலியா?"

"இவரு மலைக் கதை சொல்லுதாரு."

அவள் எங்களைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்து கதை கேட்க ஆரம்பித்தாள். அவளுக்கு வேறு வேலையும் இல்லை. தறி ஓடினால்தானே நாடாவுக்கு நூல் தார் சுற்ற வேண்டும்.

லிண்டமானுக்கு ஆள் சேர்ந்ததில் உற்சாகம். ஒரு ராஜகுமாரியைப் பிடித்துக் கட்டிக்கொள்ள ஒரு ராட்சசன் துரத்துகிறான். குதிரையில் வந்தவளுக்கு எதிரே பெரிய பள்ளத்தாக்கு. குதிரையைத் தாண்ட விட்டாள். அக்கரைப் பாறையில் குளம்பு பதிந்த தடம் இன்றைக்கும் இருக்கிறது. பின்னால் தாண்டிய ராட்சசன் ஆற்றில் விழுந்தான். நான் தமிழில் சொன்னேன்.

"அந்தப் பிள்ள தப்பிச்சுட்டாளா?" என்றாள் தங்கை.

"தப்பிச்சுட்டா. கிரீடம் மட்டும் ஆத்துல விழுந்துட்டு. அவன் கறுப்பு நாயா மாறி அதைக் காவல் காத்துக்கிட்டு கிடக்கானாம்."

"கெடக்கட்டும். உசுரு பெருசா, கிரீடம் பெருசா? ஒங்க மாப்பிள்ளைகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

மாப்பிள்ளை இரண்டாவது டீயில் இருந்தார். டீக்கடைக்காரர் சிவனாண்டி எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கையை மலர்த்தினார். என்ன ஆச்சு என்று அர்த்தம். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

லிண்டமான் இப்போது உச்சிக்கு வந்துவிட்டார். உச்சியின் பெயர் ப்ரோக்கன். வருஷத்தில் பெரும்பாலான நாள் அதில் பனிமூட்டம். சித்திரை மாதத்து ஒரு ராத்திரியில் சூனியக்காரிகளெல்லாம் துடைப்பத்தில் ஏறி அங்கே கூடி ஆடுவார்கள் என்று சொல்லி வளர்த்தார்களாம். "எங்கள் கிராமத்தில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் அந்த உச்சிதான். ஆனால் நான் அதில் கால் வைத்தபோது எனக்கு வயது ஐம்பதுக்கு மேல்."

"காலில் ஏதாவது கோளாறா?"

"தேசத்தில் கோளாறு. யுத்தத்துக்குப் பிறகு நடுவில் வேலி போட்டார்கள். நாங்கள் மேற்கே, மலை கிழக்கே. உச்சியில் ரஷ்யர்கள் உட்கார்ந்து நாங்கள் பேசுவதை ஒட்டுக் கேட்டார்கள். சுற்றி மதில் வேறு. என் அம்மாவின் தங்கை அந்தப் பக்கத்துக் கிராமத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இந்தப் பக்கத்து மேட்டில் ஏறி நிற்பேன். அவள் கொல்லைக் கொடியில் ஒரு சிவப்புக் கம்பளியைக் காயப் போடுவாள். மழை பெய்தாலும் போடுவாள்."

நான் மொழிபெயர்த்தேன். ஆவுடையம்மாள் முறுக்கைக் கீழே வைத்தாள். "கூப்பிட்டா கேட்கிற தூரம்தானே? ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே."

கேட்டேன். லிண்டமான் சிரித்தார். அது சிரிப்பில் சேர்த்தி இல்லை. "சைகை காட்டினாலே அவளைக் கூட்டிப் போய் விசாரிப்பார்கள். எனவே சும்மா நிற்பேன். அவளும் சும்மா நிற்பாள். வேலி விழுவதற்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடியில் கம்பளி இல்லை. பின்னால் ஒரு டிசம்பரில் ஜனங்களெல்லாம் மலையேறிப் போய், மதிலைச் சுற்றி நின்று கதவைத் திற என்று கத்தினார்கள். திறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். கத்தியதும் திறந்துவிட்டார்கள்."

எனக்கு அலுப்பாக இருந்தது. டீக்கடையில் ஒரு மனுஷன் கூப்பிடுவதற்காக நிற்கிறான், இங்கே ஒருவர் கூப்பிட முடியாமல் நின்ற கதையைச் சொல்கிறார், நடுவில் நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு முறுக்குத் தின்கிறேன். போதும் என்று பட்டது. தொழில் தர்மத்தை முறுக்குத் தட்டிலேயே வைத்துவிட்டு, "ஐயா, அவருக்கு அவசர வேலை ஒன்றும் இல்லை" என்றேன். எழுந்திருப்பது, செருப்பு, கூப்பிடுவது, எல்லாவற்றையும் விளக்கினேன்.

லிண்டமான் தெருவை எட்டிப் பார்த்தார். "இவ்வளவு நேரமும் எனக்காகவா அங்கே நிற்கிறார்?"

"ஆமாம்."

"இங்கே கூப்பிட்டால் யாரும் சுட மாட்டார்களே?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினார். நான் பின்னாலேயே போவதற்குள், நடுத்தெருவில் நின்று, லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, "அண்ணாச்சி! வந்து உக்காருங்க!" என்று கத்தினார். வாத்தியாரிடம் பாடம் ஒப்பிப்பது போல அட்சரம் பிசகாமல் கத்தினார். டீக்கடை முழுவதும் எழுந்து நின்றது.

அங்கேதான் வினை. உள்ளேயிருந்து கூப்பிட்டால் அது முறை. வாங்குகிறவன் தெருவுக்கே ஓடிவந்து கூப்பிட்டால்? மாப்பிள்ளை என்னைத் தனியே இழுத்தார். "மச்சான், ஆளு தவிச்சுப்போய் வந்திருக்கான். வேற எங்கயும் இந்தச் சரக்கு கெடைக்கலன்னு அர்த்தம். வெலய ஏத்திச் சொல்லும்."

"மாப்ள, வேண்டாம். தறியப் பாரும்."

"தறிக்காகத்தானய்யா சொல்லுதேன்."

சொன்னேன். மாப்பிள்ளை முதலில் சொன்னதைவிட அதிகமான விலை காதில் விழுந்ததும் லிண்டமானின் தக்காளி நிறம் கொஞ்சம் வெளுத்தது. கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ நிதானமாக உள்ளே வந்து உட்கார்ந்தார், ஒரு வாய் தண்ணீர் குடித்தார், கைக்குட்டையை எடுத்து உதறினார். அதைத் தோளில் போட்டுக்கொண்டார். எழுந்தார்.

"சரி, போய்விட்டு வருகிறேன்" என்றார் இங்கிலீஷில்.

பையை எடுத்துக்கொண்டு ஷூ லேஸை முடிந்தார். அவிழ்த்தார், முடிந்தார். மாப்பிள்ளை அசையவில்லை. கண்ணில் மட்டும் ஒரு பிரகாசம், சமமான ஆள் கிடைத்துவிட்ட பிரகாசம். லிண்டமான் வந்த வாடகைக் கார் ரேடியேட்டர் ஒழுகி ஒர்க்ஷாப்பில் கிடந்ததால் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். முதுகு எங்களையே கவனித்துக்கொண்டு போனது.

"கூப்பிடும்" என்றேன்.

"வருவான். முக்கு திரும்பட்டும்."

முக்கு திரும்பினார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ப் பாப்பான். நீரு உக்காரும்."

ஆவுடையம்மாள் எழுந்தாள். புருஷனைப் பார்த்துப் பேசவில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "பழைய இரும்புக்காரன் நாளைக்கு லாரியோட வாரேன்னிருக்கான். இவிய ரெண்டு பேரும் எந்திரிச்சு எந்திரிச்சு வெளையாடுதாவ. நீங்க நடுவர் வேலை பாக்கியளா? போங்கண்ணே!"

போனேன். இந்த வயதில் ஓடவில்லை, ஆனால் ஓட்டம் மாதிரி ஒன்று. மதுரை பஸ் கிளம்பி உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் லிண்டமான், கைக்குட்டை இன்னும் தோளில், கண் தெருமுனையில். அவர் எதிர்பார்த்தது என்னை அல்ல. தொற்றி ஏறி அவர் பக்கத்தில் விழுந்தேன். கண்டக்டர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிக்கெட் கிழித்தார்.

"நான் சரியாகத்தானே எழுந்தேன்?" என்றார்.

"குறை சொல்ல ஒன்றுமில்லை."

"பிறகு ஏன் அவர் கூப்பிடவில்லை?"

"கூப்பிடத்தான் இருந்தார். நீங்கள் வேகமாக நடந்துவிட்டீர்கள்."

பொய்தான். அலுப்பில் வந்த பொய் கொஞ்சம் உண்மை மாதிரியே இருக்கும். பஸ் நகர்ந்தது. அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். மாப்பிள்ளையின் அடிவிலை எனக்குத் தெரியும், இவருடைய மேல்விலை எனக்குத் தெரிந்துவிட்டது. தரகன் தன் வாயால் ஒரு விலையைச் சொல்லக்கூடாது. சொன்னேன். வலதுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிவதற்குள் லிண்டமான் கை கொடுத்தார். கை கொடுத்த பிறகும் முகம் தெளியவில்லை.

நான் இறங்கியதும் ஜன்னல் வழியாகக் குனிந்தார். "உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் ஏறாமல் இருந்திருந்தால் அவர் வந்து கூப்பிட்டிருப்பார், இல்லையா?"

"வந்திருப்பார்" என்றேன். பஸ் போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். டீக்கடையில் மாப்பிள்ளை மறுபடி பழைய இடத்திலேயே, சாலையைப் பார்த்தபடி. முடிந்தது என்றேன். எம்புட்டுக்கு என்றார். சொன்னேன்.

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அவசரப்பட்டுட்டீரே மச்சான். ஊரெல்லை தாண்டுறதுக்குள்ள எறங்கி வந்திருப்பான். ஒரு தரகன் செய்யற காரியமா இது?"

பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் அதற்குள் கடைப்பையன்களில் ஒருத்தனைக் கூப்பிட்டு, "ஏலே, சைக்கிள எடு. தளவாய்புரம் போய் மலைச்சாமியையும் இருளப்பசாமியையும் கண்ட எடத்துல புடிச்சு, நாளைக்குக் காலைல தறிக்கு வரச் சொல்லு. நைட்டியெல்லாம் பொறவு தைக்கலாம்னு சொல்லு" என்று விரட்டிக்கொண்டிருந்தார். விரட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, நடந்த அநியாயத்தை சிவனாண்டியிடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.