அத்தான் மருந்தும் கொழுத்த எலியும்

தராசம்மாவுக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். அன்று காலையிலிருந்தே சிவந்துதான் இருந்தது. எலி மருந்துக் கட்டிகளில் சொன்ன அளவு விஷம் இருக்கிறதா என்று சோதிக்கும் லேபில், உப்புக்கல் அளவுகூடப் பிசகாமல் எடை போடுகிறவள் என்பதால் அந்தப் பெயர். அவளிடமே மெஷின் விளையாடினால்?

அக்கா வீட்டுக்காரரின் கம்பெனி மருந்து அது. கட்டியை அரைத்து, திரவத்தில் போட்டுக் குலுக்கி, கட்டியின் மெழுகை வடிகட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை மெஷினுக்குள் விட்டாள். விஷம் இருந்தால் திரையில் கோடு மலையாக எழும்ப வேண்டும். அது பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, விஷமே சேர்க்காத வெறும் கட்டியும் அங்கிருந்தே வந்திருந்தது. அதை மெஷினுக்குள் விட்டால், ஐயோ, மலை! மறுபடி செய்தாள். மறுபடியும் அதே கூத்து.

"டப்பாவை மாத்தி வெச்சுட்டியாம்மா?" என்றார் மேனேஜர். "இப்படியே போனா நாளையிலிருந்து வரவேற்பறையில உக்காந்து போன் எடு."

இந்த மெஷின் முன்னால் ஒரு நாற்காலி கிடைக்கத் தராசம்மா பட்ட பாடு கொஞ்சமா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நேரம் பார்த்து அத்தான் வந்து இறங்கினார். "என்னம்மா மச்சினிச்சி, என் மருந்துல விஷமே இல்லைன்னியாமே! ஒரு மாசமா விற்பனை பிச்சுக்கிட்டுப் போகுது. வாங்கினவங்களே திரும்பத் திரும்ப வந்து வாங்கறாங்க. நல்லா இல்லாமலா?"

அவர் வாய் மூடவில்லை, அலமாரிக்கு அடியிலிருந்து எலி வந்தது. எலி என்று சொல்லவே வாய் கூசும், சின்னப் பூசணிக்காய். மூலையில் கிடந்த நீல மருந்துக் கட்டியருகே போய், உட்கார்ந்து, சாவகாசமாகக் கொறிக்க ஆரம்பித்தது.

"பாத்தீங்களா சார், என்னா ருசின்னு!" அத்தான் பூரித்துப் போனார்.

தராசம்மாவுக்கு மண்டையில் பளிச்சென்றது. "அத்தான், அது உங்க மருந்துதான். கடையில வாங்கி நானே வெச்சேன். ஒரு மாசமா தின்னுது. வந்தப்போ நோஞ்சானா இருந்துச்சு. எலிக்கு உடம்பு கெட்டின்னு நெனச்சேன் பாருங்க, நான் ஒரு மக்கு!"

அத்தான் கம்பெனிக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் பேசப் பேச அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. ஒப்பிட அனுப்பும் வெறும் கட்டியில் மட்டும் விஷம் சேர்க்காமல் கலக்கச் சொன்னதைக் கலவைக்காரர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, அதில் மட்டும் விஷம் சேர்த்திருக்கிறார். கடைகளுக்குப் போனதெல்லாம் நீலச் சாயம் போட்ட இனிப்பு மாவு.

"அப்போ ஊர்ல இருக்கற எலியெல்லாம்..."

"நல்லா சாப்பிட்டுக் குட்டி போடுது அத்தான். அதான் ஜனங்க திரும்பத் திரும்ப வாங்கறாங்க."

அத்தான் தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, விக்கறதென்னவோ விக்குது. இப்பவே ரிப்போர்ட் எழுதணுமா? உங்க அக்கா முகத்துக்காகவாவது..."

"அக்காவும் வீட்ல உங்க மருந்தைத்தான் வெச்சிருக்கா. நேத்து போன்ல ஒரே அழுகை. பீரோவுக்குள்ள எலி குட்டி போட்டிருக்காம், உங்க புதுக் கோட்டு மேல."

"எழுதும்மா! மொதல்ல எழுது!" என்று கத்தினார் அத்தான்.

தராசம்மா தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வரவேற்பறையில் போன் அடித்தது. மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் திரும்பவே இல்லை. அவரே எழுந்து போய் எடுத்தார்.