கொன்றை இலை ஒன்று

நூலகத்தின் சிறுவர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வாரமே அவளைப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை காலைகளில் குழந்தைகளைக் கூட்டிப்போய், இலையைப் பார்த்து மரத்தின் பெயர் சொல்லப் பழக்க வேண்டும். தாவரவியல் படித்தவள் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தாளே, அதுதான் வினை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ரகம் அவள். குழந்தைகள்தானே என்று தலையாட்டினாள். குழந்தைகளுக்குப் பின்னால் அப்பா அம்மாக்களும் வந்து கைகட்டி நிற்பார்கள் என்பது உறைக்கவில்லை.

பூங்காவின் தோட்டக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கீழே கிடப்பதை அள்ளிக்கொள்ளலாம். மரத்திலிருந்து பறிப்பதானால் ஒரு பிள்ளைக்கு ஒரே இலை. கிளையை ஒடித்தால் அடுத்த வாரம் கேட் திறக்காது.

முதல் சனிக்கிழமை பத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அதில் பொடிசு ஒன்று. எட்டு வயது. யார் காலுக்கிடையிலாவது புகுந்து முன்னால் வந்து நின்றுவிடுவதால் மற்றவர்கள் அவளைச் சுண்டெலி என்றார்கள். இலை எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும் என்று அவள்தான் கேட்டாள். காம்பின் அடியில் குட்டியாக ஒரு மொட்டு இருக்கும், அதற்கு மேலே இருப்பது முழுக்க ஒரு இலை என்று பதில் சொன்னபோது, பரவாயில்லையே, நமக்கும் பேச வருகிறதே என்று இவளுக்கே தோன்றியது.

கொன்றை மரத்தடிக்கு வந்தார்கள். சுண்டெலி தாழ்ந்த கிளை ஒன்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழங்கை நீளத்துக்கு ஒரு பச்சைத் தண்டோடு வந்தாள். அதன் இருபுறமும் ஐந்து ஜோடி, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

"அக்கா, ஒரு இலை."

பிள்ளைகள் சிரித்தார்கள். பத்து இலையை வைத்துக்கொண்டு ஒன்று என்கிறாளே, இவளுக்கு யார் கணக்குச் சொல்லிக்கொடுத்தது என்றான் ஒருவன். அந்த நேரம் பார்த்து கேட் பக்கமிருந்து தோட்டக்காரரின் குரல் இடித்தது. "யாரது, சொன்னா கேக்க மாட்டியா?"

இவள் சுண்டெலியின் பக்கம் திரும்பினாள். "கிளையை ஒடிக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? போ, போய் பெஞ்சில உட்காரு" என்றாள். தன்னிடமிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று இவளே அறிந்ததில்லை.

 சுண்டெலி கையில் இருந்ததை நீட்டினாள். இவள் வாங்கினாள். கட்டைவிரல் தண்டின் அடியில் பட்டது. அடி லேசாகப் பருத்திருந்தது. ஒடித்த கிளை நாராகக் கிழிந்திருக்கும். இது வழவழவென்று கழன்று வந்திருந்தது. மொட்டு எதுவும் இதோடு வரவில்லை. அது மரத்திலேயே இருக்கிறது. கொன்றைக்கு இந்த முழு நீளமும் சேர்ந்துதான் ஒரு இலை. இலைபோலத் தெரிகிற பத்தும் அதன் பாகங்கள். கூட்டிலை. கல்லூரியில் முதல் மாதப் பாடம்.

சொல்வதற்கு ஒரு கணம் இருந்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, இந்தக் காலத்துப் பிள்ளைகளை இப்படிக் கண்டித்தால்தான் சரிப்படும் என்று மெச்சினாள். கணம் போய்விட்டது. இலையைப் பைக்குள் செருகிக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தாள். சுண்டெலி நாற்பது நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கால் தரையில் எட்டாமல்.

அந்த வாரம் முழுக்க அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. குழந்தைகள் எதையும் மறந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். தோட்டக்காரர் கேட்டை மூடியிருந்தால் பத்துப் பிள்ளைகளுக்கும் நஷ்டம் என்று சொல்லிப் பார்த்தாள். திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும்போதும், சாப்பிட உட்காரும்போதும், எட்டாத அந்தக் கால்களே கண்ணில் நின்றன.

அடுத்த சனிக்கிழமை சுண்டெலி அப்பாவோடு வந்தாள். பஸ் ஓட்டுபவர், வேலைக்குப் போகிற வழியில், சீருடையிலேயே இருந்தார். மகள் கையில் நாலாக மடித்த தாள் ஒன்று.

"தோட்டக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் இவ உங்களோட வரணும், மேடம்," என்றார்.

தோட்டக்காரர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தாளை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தார். நான் கிளையை ஒடித்தது தப்பு. இனிமேல் எந்த மரத்தையும் தொட மாட்டேன்.

"எந்தக் கிளை?" என்றார்.

அப்பா விளக்கினார். தோட்டக்காரர் யோசித்தார். போன வாரம் தான் கத்தியது நாயை அவிழ்த்துவிட்ட ஓர் ஆளைப் பார்த்து என்றும், கிளை ஒடிந்த சங்கதியே தனக்குத் தெரியாது என்றும் சொல்லிச் சிரித்தார். பிறகு, பிள்ளை கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறதே என்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "சரி பாப்பா, மன்னிச்சாச்சு. போ" என்றார்.

அப்பா மகளின் முதுகில் தட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது. இவளும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் போதும். சுண்டெலி மட்டும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ கிளையை ஒடிக்கல," என்றாள் இவள்.

யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். இப்போது எல்லோரும் திரும்பினார்கள்.  கொன்றை மரத்தடிக்கு அவர்களை அழைத்துப்போய், கிளையிலிருந்த மொட்டைக் காட்டி, அதற்கு மேலே உள்ளது முழுக்க ஒரே இலைதான் என்று சொன்னாள். நாலு வாக்கியம். நடுவில் இரண்டு தடவை குரல் உடைந்தது.

அப்பா கிளையைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது என்று சொல்லலாம். நம்பிவிடுவார். அந்த வார்த்தைகள் நாக்கின் நுனிவரை வந்தன.

"கையில வாங்கின உடனே."

 "அது ஒரு இலைதான்னு இவ அழுதா," என்றார் அப்பா. "செஞ்சதையும் செஞ்சுட்டுப் பொய் வேறயான்னு, ரெண்டு நாள் நான் இவகிட்ட பேசல, மேடம்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

சுண்டெலியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "நீ சொன்னதுதான் சரி. எனக்கு அப்பவே தெரியும். பயந்துட்டேன்."

"தோட்டக்கார மாமாவுக்கா?"

"எல்லாருக்கும்."

சிறுமி இதை யோசித்தாள். "நீங்க பெரியவங்கதானே?" என்று கேட்டாள். அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். 

சுண்டெலி தோட்டக்காரரிடம் போய்க் கையை நீட்டினாள். "என் லெட்டரைக் குடுங்க." அவர் தந்தார். அவள் அதைத் தன் பைக்குள் வைத்து, பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். அப்பா குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் வேலைக்குக் கிளம்பினார்; கேட்டருகே இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கு வாதாம் மரத்தில் ஆரம்பித்தார்கள். அடியில் பழுத்த இலைகள் சிவப்பும் மஞ்சளுமாகக் கொட்டிக் கிடந்தன. பிள்ளைகள் பாய்ந்து அள்ளினார்கள், பெரியது யாருக்கு என்று இடித்துக்கொண்டார்கள். சுண்டெலி யார் காலுக்கிடையிலும் புகவில்லை. வரிசையின் கடைசியில் கையைப் பின்னால் கட்டி நின்றாள். அவள் செருப்பை ஒட்டியே சிவப்பாக ஒன்று கிடந்தது. அதைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள்.

"இதைத் தொடலாமாக்கா?"