வேல்விழி எடுத்த வில்லாளி

எனக்கும் பிரபாகரன் மச்சானுக்கும் நிச்சயம் முடிந்த கையோடு, அவர் என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். அத்தை மகன்தான், நான் பிறந்தபோதே பேசி வைத்த சம்பந்தம். விருதுநகரில் ஒரு மிளகாய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். கல்யாணம் வரைக்கும் நேரில் பார்த்துப் பேச விடமாட்டார்கள், விளையாட்டுக்குள்ளாவது சேர்ந்து சுற்றலாம் என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

உள்ளே போனதும் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. வாள்வீரன், மந்திரக்காரி, வில்லாளி, ஹீலர்.

“நீ ஹீலர் எடு வேலு,” என்றார் மச்சான்.

அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றிவிடுகிற வேலை அது. வெள்ளை அங்கியும் கைத்தடியுமாக அவள் நின்ற நிற்பே எனக்குப் பிடிக்கவில்லை. மந்திரக்காரியின் உள்ளங்கையில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் ஒரு பொறி விழுந்துவிடக் கூடாதே என்று பகலெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், சாயங்காலமும் அதே எழவா? வில்லாளியை எடுத்தேன். என் நிறத்தைக் கொடுத்தேன், முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டேன். மலை, காடு, கடல் என்று தனியாக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவாள். இம்புட்டு நேரம் எங்கே போனாய் என்று அவளை ஒருவரும் கேட்பதில்லை. அம்மா எடுத்த சேலை, அப்பா சேர்த்துவிட்ட வேலை, அத்தை கேட்ட சம்பந்தம் என்று போகிற பிழைப்பில், நானாகப் பார்த்து எடுத்தது அவள் ஒருத்தியைத்தான். அவளை எனக்கு அவ்வளவு பிடித்தது.

கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேலை விட்டு வேன் ஏறும்போதுதான் திரும்பக் கிடைக்கும்.

“பகல்ல அவ சும்மாதான கெடக்கா. பாஸ்வேர்டக் குடு, நான் லெவல் ஏத்தி வைக்கேன்,” என்றார் மச்சான். கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் என்ன ஒளிவுமறைவு என்று கொடுத்துவிட்டேன்.

தீபாவளி லோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், வேனில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். வில் இல்லை. அவளுக்கு வெள்ளை அங்கியை மாட்டி, இடுப்பு வரை முடி வளர்த்து, தன் வாள்வீரனுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். அவர் நகர்ந்தால் இவள் தானாகப் பின்னால் போகும்படி வேறு செய்திருந்தார். தலைக்கு மேல் என் பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

“என்ன மச்சான் இப்பிடிப் பண்ணி வச்சிருக்கீக?”

“நல்லாருக்குல்ல? நான் முன்னால நின்னு சண்டை போடுறேன், நீ பின்னால நின்னு எனக்கு உயிர் குடுத்தாப் போதும். ஒனக்கு இதுல என்ன கஷ்டம்?”

கஷ்டம் ஒன்றும் இல்லை. மூச்சுதான் முட்டியது. ஆளை ஒரு தடவைதான் மாற்ற விடும், பழையபடி ஆக்க வழியும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்றினேன்.

அவர் என்னிடம் கேட்கவில்லை. அத்தையிடம் சொல்லியிருக்கிறார். அத்தை அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

“கட்டப்போறவனுக்குத் தெரியாம போனுக்குள்ள அப்பிடி என்னத்தடி வச்சிருக்க?” என்று அம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“குடுத்துரு தாயி. வெளையாட்டுதான,” என்றார் அப்பா.

விளையாட்டுதான் என்றால் என்னிடமே விட்டிருக்கலாமே! அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளை அழித்தேன். அழிக்கும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு புதுப் பாஸ்வேர்டை மச்சானுக்கு அனுப்பிவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. புதிதாக ஒருத்தி. வெளுத்த முகம், வெள்ளை அங்கி, கைத்தடி, தலைக்கு மேல் வேல்விழி என்று என் பெயர். ‘கோவத்துல அழிச்சிட்ட போல. பரவால்ல, நானே ஒண்ணு எடுத்து வச்சிட்டேன்’ என்று கீழே எழுதியிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா சத்தம் போடவில்லை.

“அவன் குடிக்கானா?”

“இல்லப்பா.”

“கைய நீட்டுனானா?”

“இல்ல.”

“பெறகு ஒங்க அத்தைகிட்ட நான் என்ன காரணத்தத் தாயி சொல்ல?”

அந்தப் படத்தைத் திறந்து போனை நீட்டினேன். அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மேலே இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தையும் பார்த்துக்கொண்டார்.

“நல்லாத்தான தாயி இருக்கா,” என்றார்.