தாகத்தின் மேல் ஒரு வழக்கு

1988 தை மாதம் என் மூளைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. ராஜபாளையத்தில் என் மெத்தைக் கடையில், பஞ்சு மூட்டை மேலேயே விழுந்ததால் வேறு அடி எதுவும் இல்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் பிழைக்கவைத்து அனுப்பினார்கள். அதன் பிறகு தாகம் பிடித்தது. குடம் குடமாகக் குடித்தேன்; குடித்தது அத்தனையும் அப்படியே வெளியே போனது. எங்கள் தெருக் கிணற்றில் தண்ணீர் ஒரு உறை இறங்கிவிட்டது. ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வற்றியதற்கும் ஊரார் என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

சர்க்கரை நோய் இல்லை. மதுரை டாக்டர்தான் விளக்கினார்: மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி; உடம்பில் தண்ணீரை நிறுத்திவைக்கும் ஹார்மோன் அங்கிருந்து வருகிறது; ரத்தக் கசிவில் அது கெட்டுவிட்டது. மூக்கில் விடும் சொட்டு மருந்து வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதுவரை குடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

என் தம்பி ஹுமாயூன் அதுவரை காத்திருக்கவில்லை. அண்ணனுக்குப் புத்தி கலங்கிவிட்டது, நாளெல்லாம் தண்ணீர் குடிக்கிறார், கடையைத் தன் பொறுப்பில் விட வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மனுப் போட்டான்.

சித்திரையில் விசாரணை. என் மனைவி நூர்பானு இடுப்பில் குடத்தோடு வந்தாள். எதிர்தரப்பு வக்கீல் அந்தக் குடமே சாட்சி என்றார். தண்ணீரை ஒளித்துவைத்தால் மூத்திரம் நின்றுவிடும், பைத்தியமும் தெளிந்துவிடும் என்றார்.

நான் கூண்டைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "ஐயா, குடத்தை வெளிய வச்சிருவோம். நானும் குடிக்கல, என் தம்பியும் குடிக்க வேண்டாம். யாருக்கு நிக்குதுன்னு பாத்துருவோம்."

மதுரை டாக்டரும் இதே சோதனையைத்தான் செய்து பார்த்தார் என்பதையும் எடுத்துச் சொன்னேன்.

நூர்பானு கூண்டருகே வந்துவிட்டாள். "வேண்டாங்க. ஆஸ்பத்திரியிலயே கண்ணு சொருகிட்டு. கடை போனா போகுது."

"கடை போகட்டும் ஏட்டி. பைத்தியம்னு எழுதி வாங்கிட்டுப் போயிருவானே, அதை யாரு அழிக்கது?"

நீதிபதி ஒரு அரசு டாக்டரை வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சம்மதித்தார்.

கோர்ட் சேவகர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பின்பக்கம் அழைத்துப் போனார். போகப்போக ஹுமாயூன் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினான். எனக்கோ கண்ணாடி மாதிரி தெளிவாக ஓடியது. அங்கே பட்டுப்போய் நின்ற வேப்பமரம் அன்றே துளிர்த்தது. வக்கீல்கள் பலர் பார்த்தார்கள். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் இருட்டி, நீதிபதி மூன்று பேராகத் தெரிந்தார். மூன்று பேரையும் முறைத்துக்கொண்டு நின்றேன்.

உச்சிப்பொழுதில் ஹுமாயூன் எழுந்து, கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று நீதிபதியிடமே கேட்டான்.

"ஏலே, எனக்கு முந்தி நீ கேட்டுட்டியே. யாருக்குலே பைத்தியம்?" என்றேன்.

டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்து, இது மனசு செய்யும் வேலையில்லை, உடனே தண்ணீர் கொடுங்கள் என்றார். மனு தள்ளுபடியானது.

தம்பி பார்க்க, கோர்ட் வாசலில் குடத்தை ஒரே மூச்சில் வாயில் கவிழ்த்தேன். ராஜபாளையம் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸை வழியெல்லாம் நிறுத்தச் சொன்னேன். முன் சீட்டுக்காரர் முணுமுணுத்தார். நான் அவரிடம், "கோர்ட்டே நான் சரின்னு சொல்லிருச்சு. அவசரம்னா நீரு இறங்கி நடக்கலாம்" என்றேன்.

இறங்கி நடந்தார். எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்.