குடும்பப் படம் ஒட்டிய அட்டை

நெசவாளர் சங்கத்தில் உறுப்பினர் நான். தறியில் உட்கார்ந்து நெய்பவள் என் மனைவி வடிவு.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன், தறியையும் விட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் தலைமாட்டில் தறிச் சத்தம். நிறுத்தச் சொன்னேன். அவள் நிறுத்தவில்லை. ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு செவிலிமேட்டில் ஓர் அறைக்குப் போய்விட்டேன். அங்கே சத்தம் இல்லை, தூக்கமும் வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் போகலாம் என்று இருந்தேன். நான்கு வருடம் அவள் கூப்பிடவில்லை.

2005 கடைசியில் சங்க எழுத்தர் வேணுகோபால் ஆள் அனுப்பி வரவழைத்தார்.

"நெசவாளருக்கு இன்சூரன்ஸ் கார்டு வந்துக்கீது மயில்வாகனம். புருசன், பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க வரைக்கும். குடும்பமா உக்காந்து போட்டோ எடுத்தாதான் கார்டு. தறி உன் பேர்லதானே இருக்குது? நீ வராம உன் சம்சாரத்துக்குக் கிடைக்காது."

"அவ கேட்டாளா?"

"அவங்களுக்குப் பித்தப்பையில கல்லுப்பா. உனக்குத் தெரியாதா?"

தெரியாது.

மறுநாள் சங்கக் கூடத்தில் நீலத் துணி கட்டி, அதன் முன்னால் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். வடிவு இளைத்திருந்தாள். என்னைப் பார்க்காமல் மகளிடம் பேசினாள்.

"நெசவாளரு வந்துட்டாரு. எடம் குடு இளவரசி."

இளவரசிக்கு ஏழு வயது. நகர்ந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்று வடிவைக் கேட்டேன்.

"கூட்டமாம். மூணு மாசம் கழிச்சி வரச் சொன்னாங்கன்னு சொல்லு உங்கப்பாகிட்ட."

"லேட்டானாலும் அவங்க செய்வாங்க. இந்த இன்சூரன்ஸ் தனியார் கம்பெனியோடது, பழைய நோவுன்னு கையை விரிச்சிட்டா? இந்தக் கம்பெனிக்குக் கட்டற பணத்தை அரசாங்கம் ஆஸ்பத்திரிக்கே குடுத்து, இன்னும் ரெண்டு டாக்டரைப் போட்டா, உனக்கு நாளைக்கே ஆபரேஷன் ஆயிடும்."

"நியாயமான பேச்சு. அதுவரைக்கும் கல்லைக் குத்தாம இருக்கச் சொல்லச் சொல்லு."

இளவரசி என் பக்கம் திரும்பினாள். "அம்மா சொன்னது கேட்டுச்சாப்பா?"

"பழைய நோவும் சேரும்பா" என்றார் வேணுகோபால், மேஜையில் இருந்தபடியே.

நான் சொன்னது சரிதான். ஆனால் வலி அவளுக்கு.

போட்டோ எடுக்கும் யேசுதாஸ் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார். "சார், ஒட்டி உக்காருங்க. அம்மா, நீங்களும். நடுவுல பாப்பா மட்டுமா இருக்குது, டவுன் பஸ்ஸே போவும் போலக்கீது."

இளவரசி சிரித்தாள். வடிவு நகர்ந்து வந்தாள். மகளின் தலைக்குப் பின்னால் அவள் தோள் என் தோளில் பட்டது. பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் வாசனை அவள் புடவையில் இருந்தது. சகிக்காது என்று நானே எத்தனையோ தடவை சொன்ன வாசனை.

"காலரு மடிஞ்சிக்கினு இருக்குது" என்றாள்.

மகளிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள். சரிசெய்துகொண்டேன். யேசுதாஸ் எடுத்து முடித்ததும் எழுந்து போய்விட்டாள்.

அந்த அட்டையை வைத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அடுத்த மாதமே ஆபரேஷன் ஆனது. இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவில்லை. நான் போனபோது வடிவு மயக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரம் நின்றேன். ஷிப்டுக்கு நேரமானதால் அவள் கண் விழிக்குமுன் கிளம்பிவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அட்டைக்கு ஆயுள் ஒரு வருடம். பிறகு புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதிக்காக வருடம் முழுவதும் காத்திருந்தேன். வேணுகோபால் கூப்பிட்டதும் சட்டைக்கு இஸ்திரி போட்டேன், காலருக்கு இரண்டு முறை.

கூடத்தில் நீலத் துணி இல்லை.

"போட்டோ எப்போ?" என்றேன்.

"இந்த வருசம் போட்டோ கிடையாதுபா. பழசே போதுமாம். உன் கையெழுத்து மட்டும் போடு."

"அது தெளிவா இல்லன்னு எழுதேன். புதுசா எடுக்கணும்னு சொல்லேன்."

அவர் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னையும் என் சட்டையையும் பார்த்தார்.

"மூணு மூஞ்சியும் நல்லாத்தான்பா இருக்குது."

படிவத்தில் நெசவாளர் என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.

"கார்டை அவ எப்போ வந்து வாங்கிக்குவா?"

"சாயங்காலம், தறியை விட்டு எறங்கினப்புறம்."

மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. அன்றைக்கும் ஷிப்ட் இருந்தது. அதே பெஞ்சில், போன வருடம் உட்கார்ந்த முனையிலேயே போய் உட்கார்ந்தேன்.